தடையின்றி வாசிக்கிறாள், கேட்டால் விழிக்கிறாள்

வாசகர் கேள்வி: எனது மகள் தரம் 4 இல் படிக்கிறாள். ஆங்கிலப் பாடநூலில் எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் தடுமாறாமல் சத்தமாக வாசித்துவிடுவாள். ஆனால் பந்தியின் கீழுள்ள கேள்விகளுக்கு விடை எழுதச் சொன்னால் பாதிக்கு மேல் பிழை. கிரகித்தல் பயிற்சிப் புத்தகங்கள் மூன்று வாங்கி, ஒவ்வொரு இரவும் ஒரு பந்தி செய்விக்கிறேன். இப்போது புத்தகத்தைக் கண்டாலே அழுகிறாள். எனக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாது. கணவர் கடற்றொழிலுக்குப் போகிறவர். ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா? வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசிப் பழக்க வேண்டுமா? இன்னொரு ரியூசன் வகுப்புக்கு அனுப்புவதா? அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வேறு இருக்கிறது.
— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

ஆரம்பப் பிரிவு ஆங்கில ஆசிரிய ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது 'ஒவ்வொரு இரவும் ஒரு பந்தி' என்ற வரியைத்தான். மற்றக் கேள்விகளுக்குப் போகுமுன் அதை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கடையில் கிரகித்தல் பயிற்சி என்ற பெயரில் விற்கப்படும் புத்தகங்களில் பெரும்பாலானவை பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை. அவை பிள்ளைக்கு என்ன விளங்கியது என்று சோதிக்கின்றன, அவ்வளவுதான். விளங்கிக்கொள்வது எப்படி என்று ஒருவரும் காட்டிக் கொடுக்காமல் இரவுக்கு ஒரு சோதனை வைத்தால், தனக்கு இது வராது என்ற ஒன்றைத்தான் பிள்ளை உறுதியாகக் கற்றுக்கொள்ளும். உங்கள் மகளின் அழுகைக்குக் காரணம் சோம்பல் அல்ல.

உங்கள் மகள் இப்போது என்ன செய்கிறாள் என்பதை நீங்களே உணர்ந்து பார்க்க ஒரு சிறு சோதனை தருகிறேன். இந்த வரியை வாசியுங்கள்: 'தெமிலன் நேற்றுச் சாவளத்தில் மூன்று குவிலைகளைப் பிமிழ்த்தான்.' இப்போது விடை சொல்லுங்கள். தெமிலன் எங்கே பிமிழ்த்தான்? சாவளத்தில். எத்தனை குவிலைகளை? மூன்று. எப்போது? நேற்று. மூன்று கேள்விக்கும் முழுப் புள்ளி வாங்கிவிட்டீர்கள், ஆனால் குவிலை என்றால் என்ன, அதைப் பிமிழ்த்தவன் மகிழ்ந்தானா வருந்தினானா என்று கேட்டால் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனெனில் அந்தச் சொற்கள் நான் இப்போது இட்டுக்கட்டியவை. பிள்ளைகள் ஆங்கிலப் பந்தியில் செய்வது பெரும்பாலும் இதுதான். கேள்வியிலுள்ள ஒரு சொல்லைப் பந்தியில் தேடுகிறார்கள், அது கிடைத்த வரியை அப்படியே கொப்பியில் எழுதிவிடுகிறார்கள். தரம் 3 இல் கேள்விகள் இலகுவாக இருக்கும்போது இந்த உபாயம் பலிக்கிறது. தரம் 4 இல் 'ஏன்', 'எப்படித் தெரியும்' என்ற கேள்விகள் வரத் தொடங்கியதும் கைவிட்டுவிடுகிறது. பாதிக்கு மேல் பிழை என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக வந்த மற்றப் பாதியும் இந்த வழியில் வந்ததுதானா என்று பாருங்கள்.

இதைச் சொல்லும் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். ஆசிரியராகச் சேர்ந்த புதிதில், பத்துக்குப் பத்து எடுத்த ஒரு மாணவனின் கொப்பியை வகுப்புக்கே உயர்த்திக் காட்டிப் பாராட்டிவிட்டு, கதையில் என்ன நடந்தது, தமிழில் சொல்லு பார்ப்போம் என்றேன். 'தெரியாது சேர்' என்றான், எந்தச் சங்கடமும் இல்லாமல். அவன் என்னை ஏமாற்றவில்லை. வாசிப்பு என்றால் அதுதான் என்று நானே அவனுக்குப் பழக்கியிருந்தேன்.

ஆகவே முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 1986 இல் பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசித்து விளங்கும் திறனை ஒரு பெருக்கல் கணக்காக எழுதினார்கள்: எழுத்தைப் பார்த்துச் சொல்லை அடையாளங்காணும் திறன் ஒரு பக்கம், அதே விடயத்தைக் காதால் கேட்டால் விளங்கும் திறன் மறுபக்கம், இரண்டையும் பெருக்கி வருவதே கிரகித்தல். கூட்டல் என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுசெய்யலாம். பெருக்கலில் ஒரு பக்கம் சுழியமானால் மொத்தமும் சுழியம்தான். உங்கள் மகளுக்கு முதற்பக்கம் நன்றாகவே இருக்கிறது. அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்திலோ ஐந்து உயிரெழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ இருபது உயிரொலிகளை எழுதுகிறார்கள். அந்தக் குழப்பத்தைத் தாண்டி ஒன்பது வயதில் தடையின்றி வாசிக்கிறாள் என்றால் அவளுடைய ஆசிரியரும் அவளும் நன்றாக உழைத்திருக்கிறார்கள். குறை மறுபக்கத்தில்தான் இருக்க வேண்டும்.

அதை வீட்டிலேயே சோதிக்கலாம். பாடநூலில் அவள் பிழைவிட்ட ஒரு பந்தியின் பொருளை, தெரிந்த ஒருவரிடம் கேட்டுவைத்துக்கொண்டு, கதையாக அவளுக்குத் தமிழில் சொல்லுங்கள். பிறகு அதே கேள்விகளைத் தமிழில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னால் அவளுடைய யோசிக்கும் திறனில் எந்தக் குறையும் இல்லை, ஆங்கிலச் சொல்லும் வாக்கிய அமைப்பும்தான் தடை. தமிழில் கேட்டும் 'ஏன்' என்ற கேள்விகளில் தடுமாறினால், ஆங்கிலத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுத் தமிழ்க் கதைகளை வாசித்து அவற்றைப் பற்றிப் பேசுவதில் தொடங்க வேண்டும். அவ்வாறான நிலை தமிழ்ப் பாடத்திலும் தெரிகிறதா என்று வகுப்பாசிரியரிடம் கேட்பதும் நல்லது. என் அனுபவத்தில் தடையின்றி வாசிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதல் வகையினரே. உங்கள் மகளும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

ஆங்கில வாக்கிய அமைப்பில் தமிழ்ப் பிள்ளை எங்கே வழுக்குகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பயிற்சிப் புத்தகங்கள் இதைத் தொடுவதே இல்லை. நமது நகரத்தில் கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்களை உங்கள் மகள் பார்த்திருப்பாள். 'நாய் மானைத் துரத்தியது' என்று சொன்னாலும் 'மானை நாய் துரத்தியது' என்று சொன்னாலும் தமிழில் ஓடுவது மான்தான். 'ஐ' என்ற உருபு பொருளைக் கட்டிப்பிடித்திருப்பதால் சொல்லை எங்கே வைத்தாலும் பிழையில்லை. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. 'த டோக் சேஸ்ட் த டியர்' என்பதில் இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் நாய் ஓடத் தொடங்கிவிடும். தமிழில் வளர்ந்த பிள்ளை நாய், மான், துரத்தல் என்ற மூன்று சொல்லையும் பிடித்துக்கொண்டு மிகுதியைத் தானாக ஊகித்துவிடுகிறது. சொல் தெரிந்தும் விடை பிழைப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். மூன்று கடதாசித் துண்டுகளில் அந்தச் சொற்களை எழுதி, மேசையில் இடம் மாற்றி மாற்றி வைத்து, இப்போது யார் யாரைத் துரத்துகிறார் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே பிடித்துக்கொள்வாள்.

இரண்டாவது, சின்னஞ்சிறு சொற்கள். 'வந்தான், இருந்தான், சாப்பிட்டான்' என்று நாம் எழுவாய் இல்லாமலே கதை சொல்லுவோம், வினைமுற்றின் விகுதியே ஆள் யாரென்று காட்டிவிடும். ஆங்கிலத்தில் வினைக்கு அந்த வசதி இல்லாதபடியால் ஒவ்வொரு முறையும் 'ஹி', 'ஷி', 'இட்', 'தே' என்று எழுதியே ஆகவேண்டும். பந்தி முழுவதும் இவை நிறைந்து கிடக்க, பிள்ளையின் கண் இவற்றைப் பொருட்படுத்தாமல் பெரிய சொற்களுக்குத் தாவிவிடுகிறது. பென்சிலால் ஒவ்வொரு 'ஹி'யிலிருந்தும் அது குறிக்கும் பெயருக்கு ஒரு அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஒரு பந்தியில் பத்து அம்புகள் சரியாக விழுந்தால் கதையின் பாதி விளங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இதைச் சரிபார்க்க உங்களுக்கு ஆங்கிலம் பெரிதாகத் தேவையில்லை. 'பிகோஸ்', 'சோ', 'பட்', 'பிஃபோ', 'ஆஃப்டர்' என்ற இணைப்புச் சொற்களும் இப்படியே. 'ஏன்' என்ற கேள்வியின் விடை பெரும்பாலும் முதல் இரண்டையும் ஒட்டியும், 'எது முதலில் நடந்தது' என்பதன் விடை கடைசி இரண்டையும் ஒட்டியும் இருக்கும். அமெரிக்கரான எட்வர்ட் டோல்ச் சிறுவர் நூல்களில் அடிக்கடி வரும் 220 சொற்களைத் தொகுத்தபோது பெயர்ச்சொற்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. இந்தச் சின்னச் சொற்கள்தான் அதில் ஏராளம். நமது பிள்ளைகள் யானை, வண்ணத்துப்பூச்சி, விமானம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள், 'பிஃபோ' என்றால் என்ன என்று கேட்டால்தான் கூரையைப் பார்க்கிறார்கள்.

மூன்றாவது, கேள்வியை வாசிப்பது. 'வெயா டிட் சீதா கோ?' என்ற கேள்விக்குப் பிள்ளை 'சீதா கோ' என்று தொடங்கி எழுதிப் புள்ளி இழக்கிறது. கேள்வியில் 'டிட்' வந்து இறந்தகாலத்தைத் தன் தோளில் வாங்கிக்கொண்டதால் 'வென்ட்' என்ற சொல் 'கோ' ஆகிவிட்டது. விடையில் 'டிட்' போய்விடும்போது 'வென்ட்' திரும்பி வரவேண்டும். அதனால்தான் கேள்வியிலுள்ள 'கோ'வைப் பந்தியில் தேடினால் கிடைப்பதில்லை. சொல்லைத் தேடிப் பழகிய பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

சொல்லும் இலக்கணமும் மட்டும் போதாது. கதை எதைப் பற்றியது என்ற அறிவும் வேண்டும். 1988 இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 64 மாணவர்களுக்கு பேஸ்போல் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிக்கக் கூடிய, ஆனால் ஆட்டத்தை அறியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் ஆட்டத்தை அறிந்த பிள்ளைகளே அதைக் கூடுதலாக விளங்கி நினைவில் வைத்திருந்தார்கள். நமது ஊருக்கு இது அப்படியே பொருந்தும். கரைவலை இழுப்பதைப் பற்றி ஒரு ஆங்கிலப் பந்தி வந்தால், கொழும்பில் பெரிய பாடசாலையில் படிக்கும் பிள்ளையைவிட உங்கள் மகள் நன்றாக விடை எழுதக்கூடும், ஏனெனில் வலையின் இரண்டு தலைக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள், மீன் மடியில் வந்து சேரும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுப் பயிற்சிப் புத்தகத்தில் பனிமனிதன் செய்யும் பந்தி வந்தால் ஒவ்வொரு வரியும் பாறைதான். நீங்கள் வாங்கிய மூன்று புத்தகங்களையும் ஒருமுறை புரட்டி, அவற்றில் எத்தனை பந்திகள் அவள் கண்டதும் கேட்டதுமான உலகத்தைப் பற்றியவை என்று பாருங்கள். என் ஆலோசனை, அவற்றைக் கட்டி மேலே வைத்துவிட்டு, அரசாங்கம் இலவசமாகத் தந்த பாடநூலையும் பயிற்சி நூலையும் எடுத்துக்கொள்வதே. ஐம்பது சொற்கள் கொண்ட பந்தியில் ஐந்துக்கு மேல் தெரியாத சொல் இருந்தால், அந்தப் பந்தி இன்னும் அவளுக்கு உரியதல்ல.

இனிச் செய்ய வேண்டியது: இரவுக்கு ஒரு பந்தி என்பதை வாரத்துக்கு ஒரு பந்தி என்று மாற்றுங்கள், ஒரு நாளைக்குக் கால் மணித்தியாலம் போதும். முதல் நாள் கேள்விகளைக் கடதாசியால் மூடிவிடுங்கள். தலைப்பையும் படத்தையும் மட்டும் பார்த்து என்ன நடக்கும் என்று தமிழில் ஊகிக்கச் சொல்லுங்கள். ஊகம் பிழைத்தாலும் பரவாயில்லை, தான் சொன்னது நடக்கிறதா என்று பார்க்கவாவது வாசிப்பாள். பிறகு சத்தமில்லாமல் வாசிக்க விடுங்கள். சத்தமாக வாசிக்கும் பிள்ளையின் கவனம் முழுவதும் உச்சரிப்பில் போய்விடுகிறது, அதிலும் கேட்பதற்கு ஒருவர் பக்கத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். சத்தமாக வாசிப்பதை வாரக் கடைசியில், பொருள் விளங்கிய பின், முற்றுப்புள்ளியில் நிறுத்தி வாசிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வாசித்து முடிந்ததும் புத்தகத்தை மூடி, கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையை ஆங்கிலம் தெரியாத தாயும் செய்யலாம். சொல்லப்போனால் ஆங்கிலம் தெரிந்த தாய் பொறுமையிழந்து தானே சொல்லிவிடுவார். அவள் சொல்லும் கதை ஓரிடத்தில் பொருத்தமில்லாமல் துள்ளும், அந்த இடத்து வரிதான் அவளுக்கு விளங்காத வரி. அதற்குத் திரும்பிப் போய்த் தெரியாத சொல்லை அகராதியிலோ ஆசிரியரிடமோ கேட்கட்டும்.

அடுத்தடுத்த நாட்களில் அம்புக்குறிகள், கடதாசித் துண்டுகள். அதன் பின் ஒரு நாள் இடம் மாறுங்கள், அவள் ஆசிரியர், நீங்கள் மாணவி. பந்தியிலிருந்து அவள் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும், ஆங்கிலத்தில் முடியாவிட்டால் தமிழில் கேட்கட்டும். நீங்கள் வேண்டுமென்றே இடைக்கிடை பிழையாகச் சொல்லுங்கள். 'இல்லை அம்மா, இங்கே பாருங்கள்' என்று அவள் விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்ட வேண்டும் என்பதே விதி. ஊகித்தல், கேள்வி கேட்டல், விளங்காததைத் தெளிதல், சுருக்கிச் சொல்லுதல் என்ற நான்கையும் ஆசிரியரும் பிள்ளையும் மாறி மாறிச் செய்யும் இந்த முறையை 1984 இல் பாலின்சார், பிரவுன் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் எழுதிக் காட்டினார்கள். அவர்கள் சோதித்ததும் உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகளைத்தான், எழுத்தை வாசிப்பார்கள், பொருள் பிடிபடாது.

கேள்விகளின் மேல் உள்ள கடதாசியை வாரக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். எடுத்ததும் எழுதத் தொடங்காமல், ஒவ்வொரு கேள்விக்கும் விடை எங்கே இருக்கிறது என்று மட்டும் பிரித்துப் பார்க்கட்டும். சில விடைகள் ஒரே வரியில் கண்ணுக்குத் தெரியும். சிலவற்றுக்கு இரண்டு மூன்று வரிகளைச் சேர்க்க வேண்டும். சில விடைகள் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது: 'ராமு குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்' என்று இருக்கும், அன்றைக்குக் காலநிலை எப்படி என்று கேட்பார்கள். பிள்ளைகள் இந்த மூன்றாவது வகையைக் கண்டு, விடை பந்தியில் இல்லையே என்று பயந்துதான் வாய்க்கு வந்த வரியை எழுதுகிறார்கள். இல்லாத விடையையும் எழுதலாம், இருப்பதிலிருந்து அது வரவேண்டும், அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பயம் போய்விடும்.

ஒவ்வொரு வரியையும் மொழிபெயர்த்துக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். ஆங்கில வரிக்கு மேலே தமிழ் எழுதப்பட்டிருந்தால் கண் தமிழைத்தான் வாசிக்கும், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. கதையைத் தமிழில் பேசுவது வேறு, வரியைத் தமிழில் எழுதிக் கொடுப்பது வேறு. வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுவது அதைவிட வேண்டாம். உங்களுக்கு இயல்பாக வராத மொழியில் பேசினால் பேச்சே குறைந்துவிடும், கடலுக்குப் போய்வந்த தகப்பன் மகளிடம் சொல்லும் கதைகளும் அதோடு நின்றுவிடும். அந்தக் கதைகளில் அவள் சேர்க்கும் அறிவுதான் நாளைக்கு ஆங்கிலப் பந்தியிலும் கைகொடுக்கப் போகிறது. ரியூசனைப் பொறுத்தவரை, அங்கே ஒரு மணித்தியாலத்தில் எத்தனை பந்தி செய்விக்கிறார்கள் என்று விசாரியுங்கள். நான்கு ஐந்து என்று பெருமையாகச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

புலமைப்பரிசில் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்படுவது சிறு பங்கே. அதற்காக இப்போதிருந்தே கடந்தகால வினாத்தாளும் மணிக்கூடுமாக உட்கார வேண்டியதில்லை. நேரம் வைத்து எழுதிப் பழகுவது தரம் 5 இல் பரீட்சைக்கு முன்னான சில வாரங்களுக்குப் போதும்.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள், அழுகை நிற்பதற்கு இதுதான் குறுக்குவழி என்பது என் எண்ணம். அடுத்த போயா விடுமுறையில் மகளைக் கன்னியா வெந்நீரூற்றுக்கோ கோணேசர் கோவிலடிக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். கன்னியாவில் கிணறுகள் ஏழு, ஒன்றின் சூடு மற்றதில் இராது. தொட்டுப் பார்த்து எது கூடச் சூடு என்று அவளே சொல்லட்டும். வழியிலுள்ள பெயர்ப்பலகைகளில் ஒரே செய்தி மூன்று மொழியில் எழுதப்பட்டிருக்கும், தமிழை வாசிக்குமுன் ஆங்கிலத்தை வாசித்து என்ன சொல்லியிருக்கிறது என்று ஊகிக்கட்டும். வீடு திரும்பியதும், கண்டதைப் பற்றி ஐந்து வரி தமிழில் சொல்லச் சொல்லி ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஐந்து வரியையும் எளிய ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி அவளுடைய ஆங்கில ஆசிரியரிடம் கேளுங்கள்; ஐந்து நிமிட வேலை, மறுக்கமாட்டார். அந்த வாரத்தின் பந்தி அதுவாக இருக்கட்டும். கதை அவளுடையது, பொருள் அவளுக்கு முன்பே தெரியும், எந்த ஆங்கிலச் சொல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை மட்டும்தான் அவள் கண்டுபிடிக்க வேண்டும். கேள்விகளையும் அவளே எழுதட்டும், அவற்றில் ஒன்று மட்டும் 'ஏன்' என்று தொடங்க வேண்டும். கடலால் வந்ததும் தகப்பன் விடை சொல்லட்டும்.